மண்ணெண்ணெய்ப் பழி

அன்று படகில் இருந்தவர்கள் ராஜாக்கண்ணு, அவர் மகன் வெற்றிச்செல்வன், மகள் கலைவாணி, மாப்பிள்ளை ரமேஷ், மாப்பிள்ளையின் தாயார் ராஜேஸ்வரி, பேத்தி தர்ஷினி, பேரன் முகிலன். ஏழு பேர். கரையில் இருந்தவர்கள் இருவர். ஒருத்தி ராஜாக்கண்ணுவின் மனைவி திரௌபதி. புளிய மரத்தடியில் கல் கூட்டி, வருகிற மீனுக்கு மசாலா அரைத்துக்கொண்டிருந்தாள். இன்னொருவன் டீக்கடை சிங்காரம். இந்த ஒன்பது பேரைத் தவிர மந்தாரை ஏரியில் அன்று வேறு யாரும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால், நேரில் பார்த்ததாகச் சொல்லி மலையின் மேலும் கீழும் கதை அளக்கிறவர்களின் கூட்டத்தைச் சேர்த்தால் ஏரிக்கரை தாங்காது.

மலை ஊரான மேல்செங்காட்டில் ராஜாக்கண்ணுவின் வீடு பெயர் சொல்லும் வீடு. சாமையும் புளியும் விளைகிற நிலம்; வந்தவர் யாரும் சாப்பிடாமல் போனதில்லை. மந்தாரை ஏரியில் மீன் வளர்க்கும் குத்தகையை வெற்றிச்செல்வன் எடுத்த பிறகு, பழவேற்காட்டிலிருந்து ஒரு ஃபைபர் படகும், அதன் பின்னால் மாட்டுகிற சின்ன மோட்டாரும் பழையதாக வாங்கி வந்தான். வலை போடுவதற்கு வந்த படகு. ஆனால் திருப்பத்தூரில் கட்டிக்கொடுத்த கலைவாணி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மலைக்கு வரும்போதெல்லாம் அது பிள்ளைகளின் படகு ஆகிவிடும். தூண்டிலும் மண்புழு டப்பாவும் முதலில் ஏறும், அப்புறம்தான் ஆட்கள்.

அந்தப் பிள்ளைகள் ஏறுவதற்காகவே ராஜாக்கண்ணு ஆரஞ்சு நிறத்தில் இரண்டு மிதவைச் சட்டைகள் வாங்கி வைத்திருந்தார். பிள்ளைகள் வருவதற்கு முந்தின வாரமே மோட்டாரைக் கழற்றிப் போட்டு மகனை வேலை வாங்கினார். வெற்றிச்செல்வன் கார்பரேட்டரைப் பிரித்துக் கழுவினான், பிளக்கை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தான், தண்ணீர் இழுக்கும் ரப்பர் விசிறி தேய்ந்திருந்ததால் புதிது மாற்றினான், கியர் ஆயில் மாற்றினான். தொட்டியில் இருந்த பழைய பெட்ரோலைக்கூட அவர் விடவில்லை. "கீழ ஊத்துடா. பசங்க ஏர்ற படகுல பழசு எதுக்கு" என்று கொட்டச் சொல்லி, புதிதாக ஜமுனாமரத்தூரிலிருந்து கேனில் வாங்கி வரச் சொன்னார். தொட்டி கழுத்து வரை நிறைந்தது. அப்படிப்பட்ட மனிதரைத்தான், பெட்ரோல் மிச்சம் பிடிக்க மண்ணெண்ணெய் கலந்தார் என்று சொன்னார்கள்.

நடந்தது இதுதான்.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஏரோ, வண்டியோ, பம்புசெட்டோ, பழுது பார்த்து மறுபடி வேலைக்கு எடுக்கும்போது பொட்டு வைத்துத்தான் எடுப்பார்கள். பெண்ணைக் கட்டிக்கொடுத்த வீட்டார் யாராவது வந்திருந்தால், பொட்டு அவர்கள் கையால்தான். சம்பந்திக்குச் செய்கிற மரியாதை அது. கடையில் விற்கிற தூள் சந்தனம் ஆகாது. கட்டையைக் கல்லில் உரசி, கெட்டியாக வழித்து எடுத்த சந்தனம். திரௌபதி கிண்ணத்தை நீட்ட, ராஜாக்கண்ணு துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "சம்பந்திம்மா, நீங்க வெச்சாத்தான் கௌப்புவோம்" என்றார்.

ராஜேஸ்வரி எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் அல்ல. படகின் மூக்கில் ஒன்று வைத்தாள், மோட்டாரின் தலையில் ஒன்று வைத்தாள். பெட்ரோல் தொட்டி தனியாகப் படகுக்குள் இருக்கும். அதிலிருந்து ஒரு ரப்பர் குழாய் மோட்டாருக்குப் போகும். அந்தத் தொட்டியைப் பார்த்து, "இதுக்கு?" என்றாள்.

"அதுதாம்மா வவுறு. அதுக்கும் வைங்க" என்றார் ராஜாக்கண்ணு.

எல்லாரும் சிரித்தார்கள். அவள் தொட்டியின் வட்ட மூடியில், நெற்றிக்கு வைப்பதுபோல நட்ட நடுவில், கட்டை விரலால் அழுத்தி ஒரு பெரிய பொட்டு வைத்து, அதன்மேல் குங்குமமும் இட்டாள்.

படகு கிளம்பியது. கரைக்குப் பக்கத்துக் கோரை ஓரமாக நிறுத்தித் தூண்டில் போட்டார்கள். முகிலனுக்கு உள்ளங்கை அகலத்தில் ஒரு ஜிலேபி மீன் விழுந்தது. அதைத் தொட மாட்டேன் என்று அவன் காலைத் தூக்கிக்கொண்டு பலகையில் ஏற, தர்ஷினி, "நீ புடிச்ச மீனுக்கு நீயே பயப்படறியாடா" என்று கையால் பிடித்து வாளியில் போட்டாள். ராஜேஸ்வரிகூட ஒரு தூண்டில் கேட்டு வாங்கினாள். பெரிய கெண்டை வேண்டும் என்று தர்ஷினி அடம் பிடிக்க, ஆழத்துக்குப் போகலாம் என்று மறுபடி கிளப்பினார்கள். நடு ஏரியில் மோட்டார் இரண்டு தரம் இருமி நின்றுபோனது.

வெற்றிச்செல்வன் கயிற்றை இழுத்தான். கிளம்பி, நின்றது. இழுத்தான். கிளம்பவே இல்லை. காற்று படகைக் குறுக்கே திருப்பியது. முகிலன் அழ ஆரம்பித்தான். அதுவரை சிரித்துக்கொண்டிருந்த ராஜேஸ்வரி அவனை மடியில் இறுக்கிக்கொண்டு, "இன்னா ஊத்தனீங்க இதுல?" என்று கேட்டாள்.

பயத்தில் கேட்ட கேள்வி என்று ராஜாக்கண்ணு அதை விட்டுவிட்டார். மகன் இன்னும் இழுத்துக்கொண்டிருப்பதும், வேர்ப்பதும், அசடு வழிவதும் அவருக்குப் பொறுக்கவில்லை.

"வுட்டுடா. மோட்டாரத் தொடாத. துடுப்ப எடு."

"அப்பா, ஒரு நிமிஷம், பைப்பக் கழட்டிப் பாத்துட்டு..."

"பசங்கள வெச்சிக்கினு நடுத்தண்ணில ஒண்ணும் கழட்ட வாணாம். எடு."

ஆளுக்கொரு துடுப்பாக மாப்பிள்ளையும் மகனும் வலித்துக் கரை சேர்த்தார்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் படகுக்குள் வரவில்லை. யாருடைய செருப்பும் நனையவில்லை. இங்கேயே இது முடிந்திருக்க வேண்டும். ஆனால் கரையில் சிங்காரம் இருந்தான்.

அவன் கெட்டவன் அல்ல. சும்மா இருக்கத் தெரியாதவன். டீயைக் கையில் கொடுத்துக்கொண்டே ராஜேஸ்வரியிடம், "காலைல தம்பி தொட்டியில நீலமா எதையோ ஊத்திச்சு. ரேஷன் மண்ணெண்ணெய் மாதிரி இருந்துது. மீன் புடிக்கிறவங்க எல்லாம் அதத்தாம்மா ஊத்துவாங்க, செலவு கம்மி" என்றான். அவனைப் பொறுத்தவரை அது ஊர்ப் பேச்சு. அவள் டீயைக் குடிக்காமல் கீழே வைத்தாள்.

ராஜாக்கண்ணுவின் காதில் அது விழுந்தது. விருந்தாளி முன்னால் சிங்காரத்தின் வாயை அடைப்பது மரியாதை ஆகாது என்று பேசாமல் இருந்தார். சம்பந்திக்கு மீன் குழம்பு ஊற்றினார், வண்டி ஏற்றி அனுப்பினார். அன்றைக்கே தொட்டியின் மூடியையும் குழாயையும் சேர்த்துத் தன் வெள்ளைத் துண்டால் சுற்றி, மூன்று முடிச்சுப் போட்டு, மோட்டாரோடு அறைக்குள் வைத்துப் பூட்டினார்.

"ஒருக்காத் தொறந்து பாக்கறம்பா. இன்னா கோளாறுன்னு தெரிய வாணாமா?" என்றான் வெற்றிச்செல்வன்.

"நீ தொறந்தா, பெட்ரோல மாத்தி வெச்சிட்டானுங்கன்னு சொல்லுவாங்க. அது அப்படியே இருக்கட்டும்."

பழி வரும் என்று அவர் பயந்ததுபோலவே ஆனது. கலைவாணி அம்மாவுக்குப் போன் செய்து அழுதாள். காலாண்டு லீவுக்குப் பிள்ளைகளை மலைக்கு அனுப்ப மாட்டேன் என்று மாமியார் சொல்லிவிட்டாள். லீவுக்கு மட்டும் அல்ல, இனிமேலே அனுப்ப மாட்டாளாம். "மண்ணெண்ணெயக் கலந்து மிச்சம் புடிக்கிறவங்க கிட்ட எம் பேரப் பசங்க உசுர எப்படிக் குடுக்கறது" என்று தெருவெல்லாம் கேட்கும்படி சொன்னாளாம். கலைவாணி வாய் திறந்தால், "உங்கப்பா வூட்டுக் கணக்கு இங்க வாணாம்" என்றாளாம்.

ராஜாக்கண்ணு அன்று சாப்பிடவில்லை. படகு நின்றது ஒரு குற்றமா? பேருந்து நிற்கிறது, ரயில் நிற்கிறது. நின்றதற்கு அவர் எந்தப் பேச்சும் கேட்கத் தயார். ஆனால் மிச்சம் பிடித்தாராம். யாருடைய உயிரில்? தன் மகள் வயிற்றுப் பிள்ளைகளின் உயிரில். அவர் அப்பன் பஞ்ச காலத்தில் விதைச் சாமையை அவித்து ஊருக்குப் போட்டவர். அந்த வீட்டின்மேல் இப்படி ஒரு சொல். அதைச் சொன்னது யாரோ என்றால் காறித் துப்பிவிட்டுப் போயிருப்பார். சொன்னது பெண் கொடுத்த வீடு. பதில் சொல்லாவிட்டால் பிள்ளைகள் தாத்தா வீட்டுப் படி ஏற மாட்டார்கள். மகள் அந்த வீட்டில் தலை நிமிர மாட்டாள்.

"போன்ல பேசுங்களேன்" என்றாள் திரௌபதி.

"போன்ல பேசறதுக்கு நான் இன்னா கடன் கேக்கவா போறேன்? நேர்ல போறேன். மோட்டாரோட போறேன்."

ஞாயிற்றுக்கிழமை, புளி ஏற்றும் மினி வேனில் மோட்டாரும், முடிச்சு அவிழாத தொட்டியும், ஒரு பெரிய தண்ணீர் டிரம்மும் ஏறின. இந்த மாதிரி மோட்டாரைத் தரையில் ஓட்டக் கூடாது, சூடேறிப் பாழாகிவிடும். டிரம்மில் தண்ணீர் நிரப்பி, விசிறி தண்ணீருக்குள் இருக்கும்படி மாட்டித்தான் ஓட்டிப் பார்ப்பார்கள். வெற்றிச்செல்வன் வழி நெடுக மோட்டாரை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு வந்தான். முன்னால் ராஜாக்கண்ணு சலவை வேட்டியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கொண்டை ஊசி வளைவுகளில்கூட அவர் சாயவில்லை.

திருப்பத்தூர் வீட்டு வாசலில் வேன் நின்றதும் கலைவாணி ஓடிவந்தாள். ஒரு சொம்பு தண்ணீரை நீட்டினாள்.

"வெச்சிரும்மா" என்றார். "இந்த வூட்டுல தண்ணி குடிக்கறதுக்கு முன்னாடி ஒரு வேல இருக்குது."

ராஜேஸ்வரி நிலைப்படியில் வந்து நின்றாள். "வாங்க சம்பந்தி. இன்னா இது, கடைய வெக்கறாப்பல?"

"கட இல்லம்மா. சாட்சி. அன்னிக்கி படகுல இருந்த தொட்டி. அன்னிக்கிப் போட்ட முடிச்சு. உங்க பெரிய பையனக் கூப்புடுங்க. அவரு அவுக்கட்டும். உள்ள மண்ணெண்ணெய் இருந்துதுன்னா நான் இந்தத் தெருப் பக்கம் வரல. இல்லன்னா, தெருவுல சொன்னத தெருவுல எடுக்கணும்."

அவளுடைய மூத்த மகன் இளவரசன் அதே தெருக் கோடியில் பம்புசெட், பைக் ரிப்பேர் கடை வைத்திருந்தான். லுங்கியோடு வந்தான். சண்டையில் தன்னை எந்தப் பக்கம் நிறுத்துகிறார்கள் என்று தெரியாமல், எல்லாருக்கும் பொதுவாக ஒரு சிரிப்புச் சிரித்தான். ரமேஷும் வந்து நின்றான். மாமனார் முகத்தையும் அம்மா முகத்தையும் பார்த்துவிட்டு, டிரம்முக்குத் தண்ணீர் பிடிக்கிற வேலையை எடுத்துக்கொண்டான். அதைவிடப் பத்திரமான வேலை அங்கே வேறு இல்லை.

"எங்க வூட்டு டிரம்மத் தொடாத. குடிக்கிற தண்ணி அது" என்றாள் அம்மா.

"அவங்களே கொண்டாந்துருக்காங்கம்மா."

"அதையும் கொண்டாந்துட்டாங்களா. நல்லா வெவரமாத்தான் கெளம்பியிருக்காங்க."

இளவரசன் முடிச்சுகளை அவிழ்த்தான். குழாயின் நடுவில் பெட்ரோலை ஏற்றுவதற்கு ஒரு ரப்பர் உருண்டை இருக்கும். அதை அழுத்தி, உள்ளங்கையில் கொஞ்சம் பிடித்தான். நீல நிறமாக இருந்தது.

"பாத்தியா? நீலம்" என்றாள் ராஜேஸ்வரி.

அவன் மோந்து பார்த்தான். வெற்றிச்செல்வன் நீட்டிய ஆயில் பாட்டிலையும் வாங்கி மோந்தான். "ஆயிலே நீலம்தாம்மா. இந்த மோட்டாருக்குப் பெட்ரோல்ல ஆயில் கலந்துதான் ஊத்தணும். அந்தக் கலர்தான் இது. மண்ணெண்ணெய் ஒரு சொட்டு கெடையாது. சுத்தமான பெட்ரோலு."

ராஜாக்கண்ணு தோளில் துண்டைச் சரிசெய்தார். எதிர்வீட்டு வாசலில் நின்றவர்களை ஒரு சுற்றுப் பார்த்தார். அவர்கள் காதில் விழுந்துவிட்டது என்று தெரிந்துகொண்டார்.

ராஜேஸ்வரி அசையவில்லை. "சரி. மண்ணெண்ணெய் இல்ல. அப்ப ஏன் நின்னுச்சு? நடுத்தண்ணில எம் பேரன் கதறினானே, அது ஏன்? நல்ல பெட்ரோலு ஊத்தி, நல்லா ரிப்பேரு பண்ண மோட்டாரு சும்மா நிக்குமா?"

நியாயமான கேள்வி. அதுதான் அவருக்கு இன்னும் எரிச்சலைக் கொடுத்தது. "ஓட்டிக் காட்டுடா" என்றார் மகனிடம்.

"அப்பா, பாத்துட்டு..."

"ஓட்டு."

ஒரே இழுப்பில் கிளம்பியது. டிரம்மில் தண்ணீர் கொப்பளித்து வெளியே அடித்தது. மோட்டாரின் பக்கவாட்டிலிருந்து ஊசிபோல் தண்ணீர் பீச்சியது. பிள்ளைகள் மாடியிலிருந்து கைதட்டினார்கள். ராஜாக்கண்ணு இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு, சம்பந்தியின் முகத்தைப் பார்க்காமல், தெருவைப் பார்த்து நின்றார். பார்க்கட்டும், நன்றாகக் கேட்கட்டும் என்று நின்றார்.

மோட்டார் இருமியது. நின்றது.

தெருவில் யாரோ கனைத்தார்கள். ராஜேஸ்வரி சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். அது ஒன்றே போதும். ராஜாக்கண்ணுவுக்குக் காது மடல் சுட்டது. அறுபது வருஷம் மலையில் நிமிர்ந்து நடந்துவிட்டு, கடைசியில் ஒரு டிரம்முக்குப் பக்கத்தில் தலைகுனியவா வண்டி பிடித்து வந்தோம் என்று இருந்தது.

"இரு, இரு" என்றான் இளவரசன். குழாயைக் கையில் எடுத்தான். உப்பலாக இருக்க வேண்டிய ரப்பர் உருண்டை, உறிஞ்சிப் போட்ட மாம்பழம்போல ஒட்டிப்போயிருந்தது. "தொட்டிக்குக் காத்து போவலயே. மூடி மேல இருக்கற காத்துத் திருகத் தொறந்தீங்களா?"

"தொறந்துதான் இருக்குது. பாருங்க" என்றான் வெற்றிச்செல்வன்.

திருகு தளர்ந்துதான் இருந்தது. இளவரசன் மூடியைத் திருப்பினான். உஸ்ஸென்று தொட்டி மூச்சை இழுத்த சத்தம் எல்லாருக்கும் கேட்டது. மூடியை வெயிலில் காட்டிப் பார்த்தான். பிறகு கலைவாணியிடம் ஊக்கு ஒன்று கேட்டு வாங்கி, திருகின் ஓரத்தில் இருந்த சின்னத் துளைக்குள் விட்டுக் குத்தினான். குங்குமம் படிந்த சந்தனம், சிமெண்டுபோலக் காய்ந்த ஒரு சின்னத் துண்டு, அவன் உள்ளங்கையில் விழுந்தது.

"பெட்ரோலு கொறையக் கொறைய அந்த எடத்துக்குக் காத்து வரணும். துள அடைச்சிக்கிச்சுன்னா மோட்டாரு எங்கேந்து இழுக்கும்? தொட்டி வேற கழுத்து வரைக்கும் ரொப்பியிருக்கீங்க. சீக்கிரமே நின்னுரும்" என்று விளக்கிக்கொண்டே வந்தவன், அது யார் வைத்த பொட்டு என்பது மற்றவர்கள் முகத்தில் தெரிந்ததும் நிறுத்திக்கொண்டான்.

ரமேஷ், டிரம் நிரம்பிவிட்டபோதும், தண்ணீர்க் குழாயை விடவில்லை.

எதைத் தேடி வந்தாரோ அது ராஜாக்கண்ணுவின் கைக்கு வந்துவிட்டது. இனி ஒரு வார்த்தை போதும். அந்தத் தெருவே கேட்கும். இவள் வாயால் தன் வீடு பட்டது அத்தனையும் அவர் நெஞ்சில் அப்படியே சூடாக இருந்தது. ஆனால் எதிரே நின்றது அவர் வீடு கிண்ணம் நீட்டி மரியாதை செய்த கை. கூப்பிட்டுச் செய்த மரியாதையைத் திருப்பிக் குற்றமாக்குகிற வழக்கம் அந்த வீட்டில் கிடையாது.

"பொட்டு வெக்கறது எங்க வழக்கம்" என்றார், தெருவுக்கும் கேட்கும்படி. "தொட்டிக்கும் வைங்கன்னு சொன்னது நான். மூடியில காத்துத் துள இருக்குதுன்னு எனக்குத் தெரிஞ்சிருக்கணும். அவ்ளோதான்."

"இன்னாத்துக்குச் சுத்தி வளைக்கிறீங்க?" என்றாள் ராஜேஸ்வரி. அவள் குரல் முன்னைவிடக் கோபமாக இருந்தது. "நீங்க சொன்னீங்க சரி. வெச்ச கை யாருது? நான்தான் வெச்சேன். அழுத்தித்தான் வெச்சேன். எனக்கு யாரும் மறைச்சுப் பேச வாணாம்." எதிர்வீட்டைப் பார்த்துத் திரும்பினாள். "மண்ணெண்ணெய் கெடையாது, கேட்டுக்குங்க. சம்பந்தி வூட்டுப் பெட்ரோலு சுத்தம். நான் சொன்னது தப்பு. போதுமா?"

எதிர்வீட்டார் அவசரமாக உள்ளே போனார்கள்.

"ஆனா ஒண்ணு" என்று ராஜாக்கண்ணு பக்கம் திரும்பினாள். "படகு வெச்சிருக்கிறவங்க மூடி எதுக்கு, துள எதுக்குன்னு தெரிஞ்சி வெச்சிக்கணும். கூப்புட்டுப் பொட்டு வெக்கச் சொல்லிட்டு, எங்க வெக்கக் கூடாதுன்னு சொல்லாம வுட்டா எப்படி?"

"தெரிஞ்சிக்கினேன்" என்றார். அந்த ஒரு வார்த்தையைச் சொல்வதற்கு அவருக்கு மலை ஏறுவதுபோல இருந்தது. ஆனாலும் சொன்னார்.

"லீவுக்குப் பசங்க வரட்டும். கூட நானும் வர்றேன். எனக்கும் ஒரு தூண்டில் பாக்கி இருக்குது, அன்னிக்கி மீன் கடிச்ச நேரத்துலதான் கௌப்பிட்டீங்க. பொட்டு நான்தான் வெப்பேன். இன்னொருத்தர் கையில குடுத்தீங்கன்னா அங்கியே சண்ட வரும்."

"வேற யாரு வெக்கறது? நீங்கதான் வெக்கணும்" என்றார் ராஜாக்கண்ணு. "படகுல வைங்க. தொட்டிய வுட்டுடுங்க."

அப்போதுதான் கலைவாணி மறுபடி சொம்பை நீட்டினாள். அவர் நின்றபடியே அண்ணாந்து முழுச் சொம்பையும் குடித்தார். பிறகு காலைக் கழுவிக்கொண்டு உள்ளே போய்ச் சாப்பிட உட்கார்ந்தார். ராஜேஸ்வரியே பரிமாறினாள். கறிக் குழம்பில் உப்புக் குறைவாக இருந்தது. இருவருமே அதைப் பற்றிப் பேசவில்லை.

லீவுக்குப் பிள்ளைகள் வந்தார்கள், ராஜேஸ்வரியும் வந்தாள். மோட்டார் நடு ஏரி வரை போய்த் திரும்பி வந்தது. தர்ஷினி கேட்ட கெண்டை ராஜேஸ்வரியின் தூண்டிலில் மாட்டி, அதற்கு ஒரு தனிச் சண்டை நடந்தது.

இதற்குள் டீக்கடைப் பேச்சு வேறு திசைக்குத் திரும்பிவிட்டது. ராஜாக்கண்ணு வீட்டார் வேண்டுதலுக்காகச் சந்தனத்தைக் கரைத்துப் பெட்ரோலில் ஊற்றினார்கள், அதனால்தான் மோட்டார் நின்றது என்று இப்போது கலசப்பாக்கம் சந்தை வரை பேசுகிறார்கள். அது பொய். தொட்டிக்குள் சந்தனம் போகவில்லை. மூடியின் மேல்தான் இருந்தது.